சிரிக்கிற முகத்தைத் தொடு

பாய்லர் ரிப்பேர்காரன் பெட்டியை மூடிவிட்டு, கிளம்பும்போது தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நாளைக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் வரும். 'ரொம்பத் திருப்தி'ன்னு சொல்லிடுங்க. வெறும் 'திருப்தி'ன்னு சொன்னாக்கூட என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"சொல்ல மாட்டேன்," என்றாள் மா ஹேரான்.

"ஏன்க்கா, வேலை நல்லாத்தானே பண்ணியிருக்கேன்?"

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. இந்தா, வறுத்த நெத்திலி ஒரு டப்பா எடுத்துக்கிட்டுப் போ. ஆனா அந்த வார்த்தை மட்டும் என் வாயிலேர்ந்து வராது. சொன்னா எனக்கு வாந்தி வரும்."

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். வேடிக்கை இல்லை. கொரியாவின் பூசான் நகரத்தில் மேட்டுத் தெருச் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கும் ஹேரானைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. வாயும் நீளம், கையும் தாராளம். பாதிப் பேருக்குத் தெரியாதது ஒன்றுதான்: ஒரு காலத்தில் அந்த வார்த்தையை ஊர் முழுக்க ஊட்டியவளே அவள்தான்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் போனில் பேசுவது அவள் வேலை. ரிப்பேர் முடிந்த வீட்டைக் கூப்பிட்டு, ஐந்து பதிலில் எது என்று கேட்க வேண்டும். ஐந்து என்பதெல்லாம் பேச்சுக்கு. முதல் பதிலுக்குத்தான் மதிப்பு, மிச்ச நாலும் குப்பை. ஜனங்களுக்கும் இது தெரியும். மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகி வழிந்துகொண்டிருக்கும், வீட்டுக்காரி ஈரக்காலோடு நின்றுகொண்டே "ரொம்பத் திருப்திங்க" என்பாள். பாவம், வந்த பையனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே. எங்கள் ஊரில் நல்ல மனசு என்றால் அதுதான். யோசித்துப் பார்த்தால் குமட்டுகிறது, ஆனால் யார் யோசித்தார்கள்?

மகள் போராவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று ஹேரான் அந்த வேலையை விட்டாள். குழந்தை அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. புருஷன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், வாரக் கடைசியில்தான் வருவான். ஆஸ்பத்திரியில் ஒரு அறைக்கு ஆறு கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே அம்மாக்கள் படுக்க ஒரு குறும்பலகை, இழுத்துப் போட்டுப் படுத்தால் கால் வெளியே தொங்கும். ஹேரான் போன கொஞ்ச நாளிலேயே அந்த அறைக்குத் தலைவி ஆகிவிட்டாள். யார் டப்பா ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில், யார் எப்போது குளிப்பது, எல்லாம் அவள் சொன்னபடிதான். கிம்ச்சி ஊறுகாய் வாடை பட்டாலே பிள்ளைகள் ஓங்கரித்தன. அதனால் அம்மாக்கள் நடைபாதைக் கோடியில் இருந்த அடுக்களையில் நின்றபடியே, திருட்டுத்தனமாகச் சாப்பிடுவது போல, ஆறிப்போன சோற்றை விழுங்கினார்கள்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம், புதன்கிழமையைத் தவிர. புதன்கிழமை முதுகில் ஊசி. தண்டுவடத்துக்குள் மருந்து ஏற்றுவார்கள். "இறால் மாதிரி சுருண்டுக்கோ" என்பார் டாக்டர். ஒரு நர்ஸ் கழுத்தை அமுக்க, இன்னொருத்தி முட்டியை அமுக்க, பிள்ளை முழு விழிப்போடு கிடக்கும். அம்மாக்களுக்கு உள்ளே இடம் இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் அதற்கு இறால் நாள் என்று பெயர் வைத்திருந்தன. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சாப்பாடு நின்றுபோகும்.

பக்கத்துக் கட்டில் கியுமின் கட்டடம் அதிரக் கத்துவான். போரா கத்த மாட்டாள். ஆஸ்பத்திரிச் சட்டையின் கையை வாயில் திணித்து மென்றுகொண்டிருப்பாள். வெளியே வரும்போது சட்டைக்கை நனைந்து, நூல் நூலாகப் பிய்ந்திருக்கும். ஹேரான் சட்டையை மாற்றுவாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் நர்ஸ் பியோ ஒரு அட்டையோடு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகாத பெண், பிள்ளைகளுக்கு அவள் 'நர்ஸ் அக்கா'. அட்டையில் ஐந்து முகங்கள் வரிசையாக இருந்தன. முதல் முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது, கடைசி முகம் கண்ணீர் விட்டது. பிள்ளைகள் எவ்வளவு நலமாக இருக்கிறார்கள் என்று அளக்கப் போகிறார்களாம். தூக்கம் வருகிறதா, வயிறு எப்படி, கூட்டாளிகள் ஞாபகம் வருகிறதா, ஊசி நாள் பயமாக இருக்கிறதா என்று கேட்பார்கள். பிள்ளையே தொட்டுக் காட்ட வேண்டும். எதற்காக அளக்கிறார்கள் என்று மேலிருந்து யாரும் சொல்லவில்லை. தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பியோ வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வை போதாதா ஹேரானுக்கு? "பிள்ளைங்க மூத்திரம் போயிட்டு வரட்டும்," என்று சாக்குச் சொல்லி அம்மாக்களை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"முதல் மூஞ்சி. எதைக் கேட்டாலும் முதல் மூஞ்சி. ரெண்டாவதைத் தொட்டாக்கூட அந்தப் பொண்ணை வறுத்து எடுத்துடுவாங்க. நான் இதே தொழில்ல கிடந்து புழுங்கினவ, எனக்குத் தெரியாதா?"

"ஊசியப் பத்திக் கேட்டாக்கூடவாக்கா?" என்றாள் கியுமின் அம்மா.

"ஊசி குத்துறது அந்தப் பொண்ணு பண்ண தப்பா? ராத்திரியெல்லாம் பீத்துணி மாத்துறா. நம்மால முடிஞ்சது இதுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா பின்னாலேயே வந்திருந்த போராதான் மெதுவாகக் கேட்டாள், "பொய் சொல்லலாமாம்மா?"

"இது பொய் இல்லடி, மரியாதை."

ஆறு பிள்ளைகளும் முதல் முகத்தைத் தொட்டன. முந்தின நாள் சட்டைக்கையைக் கடித்துத் துப்பிய குழந்தையும் தொட்டது. பியோவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. ஹேரானுக்கும் ஏதோ புண்ணியம் செய்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பேனர் தொங்கியது. 'சிரிக்கும் பிள்ளைகள் வார்டு' என்று எழுதி, அந்தப் பல்லிளிக்கிற முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். ஊழியர்களுக்கெல்லாம் அரிசிப் பலகாரம் கொடுத்தார்கள். வார்டைச் சுற்றி வந்த பெரிய டாக்டர், புரொபசர் குவாக் முகத்தில் கல்யாணக் களை.

"போரா அம்மா, உங்ககிட்ட சொல்லணும். புதன்கிழமைக்கு மயக்க மருந்து டாக்டரை வரவழைக்கலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு. பிள்ளைங்களைத் தூங்க வெச்சு ஊசி போடுறதுக்கு. அவசியமான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த அளவெல்லாம் எடுத்தது. பாத்தா நம்ம பிள்ளைங்களுக்குப் பயமே இல்ல! புலிக்குட்டிங்க!"

ஹேரானுக்குக் காது அடைத்துக்கொண்டது. தூங்க வைத்துப் போடலாமா? அப்படி ஒன்று இருக்கிறதா? அதை இவள் கையாலேயே தள்ளிவிட்டாளா?

முதலில் தன்மேல்தான் அருவருப்பு வந்தது. அடுத்த நொடி அந்த ஆள்மேல் வந்தது, அது இன்றுவரைக்கும் போகவில்லை. வாரா வாரம் அந்த முதுகில் ஊசியை இறக்குகிறவர் அவர்தான். பிய்ந்த சட்டைக்கையை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கியுமின் கத்துவது கீழ்த்தளக் கேன்டீன்காரனுக்கே கேட்கும். கண்ணுக்கு எதிரே கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அட்டையை நம்புகிறார். படித்த படிப்பு அப்படி.

"புரொபசர், அது வந்து... நாங்கதான் பிள்ளைங்களை அப்படித் தொடச் சொன்னோம்," என்று ஆரம்பித்தாள்.

"அடக்கமாப் பேசுறீங்க," என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அந்தப் புதன்கிழமை ஊசி அறைக் கதவு திறந்தது. போரா காகிதமாய் வெளுத்திருந்தாள், சட்டைக்கை வாயில் இருந்தது. புரொபசர் குனிந்து, "எப்படி இருந்துச்சு, போரா?" என்றார். குழந்தை சட்டைக்கையை வாயிலிருந்து எடுத்தது. எச்சில் நூலாக வந்தது.

"ரொம்பத் திருப்திங்க," என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். புரொபசர் தலையைத் தடவிக் கொடுத்தார். ஹேரான் கழிப்பறைக்கு ஓடி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அம்மா வேலை பார்த்த காலத்தில் வீட்டில் போனில் பேசிப் பேசி, அந்த வார்த்தை குழந்தையின் தாலாட்டாகவே இருந்திருக்கிறது.

அடுத்த அளவுக்கு அவள் காத்திருந்தாள். மறுபடி அட்டை வந்தது, மறுபடி அடுக்களையில் கூட்டம் போட்டாள். "இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி. வலிச்சா வலிச்ச மூஞ்சி." போரா மட்டும் கட்டிலில் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நர்ஸ் அக்காவுக்குத் திட்டு விழுமேம்மா?"

"விழாது. அம்மா பாத்துக்கறேன்."

போரா அழுகிற முகத்தைத் தொட்டாள். தொட்டுவிட்டு பியோவின் முகத்தைப் பார்த்தாள்.

இதற்கு ஆஸ்பத்திரி என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? மயக்க மருந்து டாக்டரை அனுப்பியதா? பழக்கூடை அனுப்பியது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கூடை. பேரிக்காய், திராட்சை, மேலே மன்னிப்பு அட்டை. ரத்த அணு குறைந்த பிள்ளைகள் சமைக்காத பழத்தைத் தொடவே கூடாது என்பது அந்த வார்டின் முதல் சட்டம், சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் பார்த்து ஏங்குவதற்குள் அம்மாக்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுக்களை மூலையில் அவை கிடந்து அழுகின, ஈ மொய்த்தது.

பிறகு கழுத்தில் பட்டுத்துணி கட்டிய ஒரு அம்மாள் வந்தாள். பணிவு சொல்லிக்கொடுக்கும் டீச்சராம். நர்ஸ்களை நடைபாதையில் வரிசையாக நிறுத்தி, தொப்புள்மேல் கையைக் கோத்துக்கொண்டு இடுப்பு வரை வளைந்து கும்பிடப் பழக்கினாள். எத்தனை பாகை வளைகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினாள். குறைந்த மதிப்பு வந்த அறை பியோவுடையது என்பதால் அவள்தான் முன் வரிசை. அன்று சாயங்காலம், கண்ணெல்லாம் சிவந்து, போராவின் கட்டிலுக்கு முன்னால் வந்து வளைந்தாள்.

"மதிப்பிற்குரிய போரா அவர்களே, எங்கள் சேவையில் ஏற்பட்ட குறைக்கு மனமார வருந்துகிறோம்."

போரா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு தடவையும் நீ சொன்னதைத்தானேம்மா தொட்டேன்."

கியுமின் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சிரிச்சாத் தப்பு, அழுதாத் தப்பு, இனி பிள்ளைங்களுக்கு மூஞ்சியே இருக்கக் கூடாதுபோல," என்றாள்.

புதன்கிழமை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு முன்னால் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும். ஹேரான் பேனாவை வாங்கவே இல்லை.

"தூங்க வெச்சுப் போட்டாத்தான் கையெழுத்து."

புரொபசர் குவாக்குக்கு முகம் சுருங்கியது. "மருந்து தள்ளிப்போனா என்ன ஆகும்னு தெரியுமா? விளையாட்டு இல்ல இது."

"தெரியும். அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் கூப்பிடுங்க."

"முதல் தடவை அளவு எடுத்தப்ப எல்லாம் நல்லாருக்குன்னு நீங்கதானே..."

"அளவா? போன வாரம் என் பொண்ணு கடிச்ச சட்டைக்கை இதோ இருக்கு. வெச்சு அளங்க."

பேச்சுதான் கறாராக இருந்தது. நிஜமாகவே மருந்து தள்ளிப்போய், நோய் திரும்பிவிட்டால்? அந்தப் பாவத்தை யார் சுமப்பது? இன்னும் கொஞ்ச நேரம் அவர் முறைத்திருந்தால் அவளே பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"எங்க கியுமினுக்கும் கையெழுத்து இல்ல, புரொபசர்," என்றாள் பின்னாலிருந்து கியுமின் அம்மா. அதற்குப் பின்னால் இன்னொருத்தி செருமினாள்.

அப்போது நர்ஸ் பியோ நகர்ந்து போய் போனை எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை, கும்பிடவும் இல்லை. "மூணாவது மாடியா? பிள்ளைங்க வார்டுலேர்ந்து பேசறேன். உடனே ஒருத்தர் வரணும்," என்றாள்.

வந்த மயக்க மருந்து டாக்டர் கொஞ்சம் வயதான பெண். செருப்பைத் தேய்த்துக்கொண்டு, சட்டைப்பையில் பாதி பிஸ்கெட் பொட்டலத்தோடு வந்தார். "பிள்ளை கடைசியா எப்பச் சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணும் இறங்கல. செவ்வாய்க்கிழமைன்னா இங்க எந்தப் பிள்ளையும் சாப்பிடாது," என்றாள் ஹேரான்.

டாக்டர் புரொபசரைத் திரும்பிப் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே நின்ற ஹேரானுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் அவளை முதல்முறையாக அழ வைத்தது.

போரா கண் விழித்தபோது உதடு காய்ந்திருந்தது. சுற்றிப் பார்த்தாள்.

"எப்பம்மா போடுவாங்க?"

"போட்டாச்சுடி."

நம்பாமல் கையை முதுகுக்குப் பின்னால் விட்டு பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

"அந்த டாக்டர் புதுசா வந்தவங்களா?"

"இல்ல. ரொம்ப வருஷமா கீழ மாடியிலதான் இருக்காங்க."

போரா பிளாஸ்திரியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப ஏம்மா இத்தனை நாள்?"

போரா இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், சாயங்காலம் கடையில் வந்து டப்பாக்களுக்கு மூடி போடுகிறாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்டதில்லை. அன்று அதைக் கேட்டபோது ஹேரான், ஈரம் படாமல் உலர்ந்து கிடந்த போராவின் சட்டைக்கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.