அக்கா வீட்டுச் சுடுதண்ணீர்

பாய்லர்காரர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். சலவை ஆலைக்கு முதலாளியாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் முதலாளி என்று யாராவது கூப்பிட்டால், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அடுத்தவன் பாய்லருக்கு விறகு தள்ளியவர், கடைசியில் அந்தப் பாய்லரையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். இதை எத்தனை பேரால் செய்ய முடியும்? பள்ளிக்கூடம் அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. நாலாம் வகுப்போடு இரண்டு தரப்பும் பிரிந்துவிட்டன. மனக்கசப்பு ஒன்றும் இல்லை. ஸ்டீம் போகிற சத்தத்தைக் கேட்டே பிரஷர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பாய்லரில் பிரஷரைக் காட்டும் கேஜ் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அவருடைய காது.

பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி எல்லாம் அவர் ஆலையில்தான் வெளுக்கின்றன. ஆலையின் பின்சுவரை ஒட்டினாற்போல் அவருடைய அக்கா வீடு. உலர்த்தும் மெஷினிலும் இஸ்திரி உருளையிலும் வேலை முடித்த ஸ்டீம், ஆறித் தண்ணீராகிக் குழாயில் வரும். கை வைக்க முடியாத சூடு, கண்ணாடி மாதிரி சுத்தம். அதைச் சாக்கடையில் விட மனசு வராமல், ஆலை தொடங்கிய புதிதிலேயே சுவரில் ஓட்டை போட்டு அக்கா வீட்டுத் தொட்டிக்குக் குழாய் இழுத்துவிட்டார். அதன் பிறகு அக்கா அடுப்பில் தண்ணீர் வைத்ததே இல்லை. தெருவும் அநேகமாக வைத்ததில்லை. பிள்ளை பெற்றவள் குளிக்க, முட்டிவலிக்காரர் ஒத்தடம் கொடுக்க, பிசுக்குப் பாத்திரம் கழுவ என்று எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள். அக்கா யாருக்கும் இல்லை என்றதில்லை. சும்மா கொடுத்ததும் இல்லை. வாளி நிரம்புகிற வரை தம்பியின் பெருமையைக் கேட்டாக வேண்டும். குழாயில் தண்ணீர் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஆஸ்பத்திரிக்கு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இனிமேல் தண்ணீரையும் எரிபொருளையும் குறைக்க வேண்டுமாம். கிலோ துணிக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு விறகு என்று வரம்பு வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டும் வரம்புக்குள் வராவிட்டால் காண்ட்ராக்ட் வேறு ஆலைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரித் துணி போனால் மிஞ்சுவது இரண்டு லாட்ஜும் ஒரு சலூனும். ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். பாய்லர்காரர் அதுவரை யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. ஒருத்தனைத் தவிர, அவனும் மறுநாள் தானாகவே வந்துவிட்டான்.

மேடம் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தண்ணி வேற, விறகு வேறன்னு பாக்காதீங்க ஐயா. போர்ல இருந்து ஏத்த கரண்ட் போகுது, சுட வைக்க விறகு போகுது. ஒரு வாளி வீணா போச்சுன்னா மூணும் சேர்ந்துதான் போகுது.”

“அது எனக்கு அப்பவே தெரியும்மா,” என்றார் பாய்லர்காரர்.

அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தெரிந்த நிமிஷத்திலிருந்து அது அவருடைய சொத்து. சாயந்திரத்துக்குள் துணி மடிக்கிற பெண்கள் வரைக்கும் எல்லாரிடமும் அதைத் தன் கண்டுபிடிப்பாகவே சொல்லி முடித்துவிட்டார்.

சொன்னதோடு நிற்கிற ஆளில்லை அவர். கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, அடுத்த துணிக்கு முதல் அலசலாக விட்டார். ஒழுகிய வால்வை எல்லாம் மாற்றினார். சுவருக்குள் போகிற அந்தக் குழாய் மட்டும் மிச்சம். அது எங்கே போகிறது என்று மேடம் கேட்டதற்கு, சும்மா போகிறது என்று சொல்லிவைத்திருந்தார். சும்மா போகிறதென்றால் அதைப் பாய்லர் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள் என்றார் மேடம். ஏற்கெனவே சூடானது, ஏற்கெனவே சுத்தமானது. அதை வெளியே விட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரை உள்ளே ஏற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை விறகு. மறுத்துப் பேச வழியில்லை. திருப்புவது கஷ்டமான வேலையும் இல்லை. கொஞ்சம் குழாய், ஒரு வால்வு. அக்காவிடம் சொல்வதுதான் வேலை.

சொல்லத்தான் போனார். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். அடுத்த தடவை அக்காவின் முட்டியைப் பற்றி. நீ போய்ச் சொல்லேன் என்று மனைவியைக் கேட்டுப் பார்த்தார்.

“உங்க அக்கா, உங்க குழாய். நடுவுல என்னை எதுக்குங்க இழுக்குறீங்க?” என்று மனைவி கழுவாத பாத்திரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் பாய்லர்காரர் தன் சொந்த மூளையில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டீம் தண்ணீரைப் பாய்லருக்கே திருப்பினார். சுவர் ஓரமாக ஒரு பழைய இரும்புப் பீப்பாயை நிறுத்தி, அடியில் அடுப்பு கட்டி, அதில் காயும் தண்ணீரை அக்கா வீட்டுக் குழாயில் இணைத்துவிட்டார். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன்தான் அந்த அடுப்பையும் பார்த்துக்கொண்டான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. அக்கா வாசலில் வாளிகள் வழக்கம்போல் நிரம்பின. காரியம் கச்சிதமாக முடிந்தது என்று பாய்லர்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

தண்ணீர்க் கணக்கு சரசரவென்று இறங்கியது. விறகுக் கணக்கு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மேடம் திரும்ப வந்தார். தண்ணீர் வரம்புக்குள் வந்துவிட்டதற்குப் பாராட்டினார். பிறகு விறகு ஏன் அசையவே இல்லை என்று கேட்டார்.

“விறகு ஈரம்மா.”

“போன மாசம் போன்ல கேட்டப்பவும் ஈரம்னுதான் சொன்னீங்க. ஊற வெச்சு எரிக்கிறீங்களா ஐயா?”

அதற்குள் மேடம், புகைபோக்கி இல்லாத பக்கத்திலிருந்து புகை வருவதைப் பார்த்துவிட்டார். நேராகப் பின்பக்கம் நடந்தார். பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃபயர்மேன், தான் அங்கே இல்லாதது மாதிரி உட்கார்ந்திருந்தான். இது எந்தத் துணிக்கு என்று மேடம் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. கையில் ஒரு வெள்ளைச் சேலை. வெள்ளையாக இருந்த சேலை.

“கொஞ்ச நாளா என்னடா தம்பி இந்தப் பக்கம் ஒரே புகை? கொடியில போட்டதெல்லாம் கரி. சலவைக்காரன் அக்கா கட்டுற துணியா இது?”

“உங்களுக்குத்தான்க்கா தண்ணி காயுது,” என்றான் ஃபயர்மேன். மூச்சு விடக் கூடாது என்ற உத்தரவு, கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்ததா என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

மேடம் விஷயத்தைச் சுருக்கமாக அக்காவுக்கு விளக்கினார். காண்ட்ராக்ட் போகப் போகிறது என்பதையும் சொன்னார். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப ஆஸ்பத்திரிக்கு வேணும்னு சுடுதண்ணிய எடுத்துக்கிட்ட. அதைச் சொல்லப் பயந்துக்கிட்டு, மிச்சம் புடிச்ச விறகை எனக்குன்னு எரிச்சுட்ட. நாலாவது வரைக்கும் உன்னை வெச்சிருந்தாங்களே, அதுவே பெருசுடா.”

பாய்லர்காரர் காலடியில் கிடந்த கரித்துண்டைச் செருப்பால் நகர்த்தினார். “வாசல்ல நாலு பேர் வந்து நின்னா உனக்குப் பிடிக்கும்லக்கா. அதை நான் எப்படிப் போயி நிறுத்துறது?”

அக்கா சேலையில் இருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

“உன் ஆளுங்க வாசல்ல நாலு பேர் வந்து நின்னு, நாளையிலிருந்து வேலை இல்லையான்னு கேட்டா அதை எப்படி நிறுத்துவ? அடுப்பை அணைடா.”

தம்பி குனிவதற்குள் ஃபயர்மேன் தண்ணீரை ஊற்றிவிட்டான். அடுப்பு உஸ்ஸென்று அடங்கியது. மேடம் அடுத்த மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மாதம் விறகு வரம்புக்குள் வந்தது, கொஞ்சம் கீழேயும் போனது. காண்ட்ராக்ட் நிலைத்தது. ஆலையில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. அக்கா வீட்டு மொட்டைமாடியில் பாய்லர்காரர் கறுப்புத் தொட்டி ஒன்றை ஏற்றிவைத்தார். வெயில் அதை மத்தியானத்துக்கு மேல்தான் சூடாக்கும். காலையில் குளித்துக்கொண்டிருந்த அக்கா சாயந்திரம் குளிக்கத் தொடங்கினாள். தெருவில் பாதிப் பேர் அவரவர் மாடியில் கறுப்புத் தொட்டி வைத்துக்கொண்டார்கள். வாசலில் வாளிகள் குறைந்தன. வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சிலர் வாளி இல்லாமலே வந்தார்கள்.

ஒரு நாள் பாய்லர்காரர் அந்தப் பக்கமாகப் போகும்போது, அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அத்தனை பேரும் தான் விட்டுக்கொடுத்த தண்ணீரில் வெளுத்த விரிப்பில்தான் படுத்திருக்கிறார்கள் என்றாள். தண்ணீர் போனால் விறகும் கரண்டும் கூடவே போகும் என்று தம்பிக்குப் புத்தி சொல்லிக் குழாயைத் திருப்பவைத்ததே தான்தான் என்றாள். அவரைப் பார்த்ததும் கை காட்டிக் கூப்பிட்டாள்.

“இந்தா, அவனே வந்துட்டான். நீயே சொல்லுடா, யாரு சொன்னது?”

பாய்லர்காரருக்கு வாய் வரை ஏதோ வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“அக்காதான் சொன்னா,” என்றார்.

அவர் வாழ்க்கையில் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த பெருமை அது ஒன்றுதான். மனசு ஆறவில்லை. ஆலைக்குள் வந்ததும் ஃபயர்மேனைக் கூப்பிட்டு, உண்மையில் அதைக் கண்டுபிடித்தது யார் என்று அவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றார். மேடம் சொன்னதாகத்தான் ஞாபகம் என்றான் ஃபயர்மேன்.

அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சாம்பல் அள்ளுகிற வேலை.