நஞ்சிடாத சோதனைக் குழாய்

அரச திணைக்களத்துக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும் ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்பப்பட வேண்டும். கொழும்பில் பல வருடங்கள் இந்தச் சுற்றறிக்கையின் கீழ் வேலை செய்தவன் நான். பக்டீரியாவுக்கும் ஒரு விதி உண்டு: திரிப்டோபன் என்ற அமினோ அமிலம் வெளியே கிடைத்தால், அதைத் தயாரிக்கும் மரபணுக்களை மூடிவிடும், தீர்ந்தால் திறக்கும். மூளையே இல்லாத அந்த ஒற்றை உயிர்க்கலம் சில நிமிடங்களில் விதியை நிறைவேற்றிவிடும். இப்போது நான் இருக்கும் ரொறன்ரோவில் தபாற்காரர் பனி கொட்டினாலும் நேரத்துக்கு வருவார். பெட்டியில் தினமும் பீட்சா விளம்பரம் இருக்கும்; கொழும்புக் கடிதம் இராது.

கொழும்புக்கு நான் அனுப்பிய வேண்டுகோள் சிறியது. அந்த மரபணுக்களை மூடும் பூட்டு உடைந்த ஒரு பக்டீரியா வகையை அங்கே ஆய்வுகூடத்தில் விட்டு வந்திருந்தேன். எவ்வளவு ஊட்டினாலும் தன் திரிப்டோபனைத் தானே தயாரிப்பதை அது நிறுத்தாது. அதைக் கொண்டுவந்தால் தன் ஆய்வுகூடத்தில் இடம் தருவதாக இங்குள்ள பேராசிரியர் சொன்னார். இல்லையென்றால் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவதுதான் என் விஞ்ஞானம்.

"வேறொன்றைப் பட்டியலில் பார்த்து வரவழைக்கலாமே?" என்றார்.

"அது என்னுடையது" என்றேன்.

காப்புரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்.

தமிழர் வீடுகளை எரித்த அந்த 83 யூலைக்குப் பிறகு, வெள்ளவத்தை வீடு கரியாகிக் கிடக்க, கடைசியாக ஆய்வுகூடம் போனது குழாய்களை ஒப்படைக்கத்தான். சிங்கள உதவியாளர் பியதாசவிடம், மாதாமாதம் புது ஊடகத்துக்கு மாற்றும்போது திரிப்டோபன்போல வேடமிடும் ஒரு நஞ்சைச் சேர்க்கச் சொன்னேன். சாதாரண பக்டீரியா அதை நம்பி, உற்பத்தியை நிறுத்திப் பட்டினி கிடக்கும். என்னுடையது ஏமாறாது. நஞ்சு இல்லாவிட்டால், பூட்டுத் திரும்பிய சோம்பேறிக் கலங்கள் பெருகி அதை மூழ்கடித்துவிடும்.

"பாவம் நே மாத்தயா. வீட்டையும் எரிச்சாங்க, இதுக்கும் விசமா?"

"விசம் இல்லாட்டி இந்தச் சாதி நிலைக்காது, பியதாச. விளங்குதா?"

"ஹரி, சரி. மாத்தயா பயப்பட வேணாம், நான் நல்லாப் பாக்கிறது."

தலையாட்டியவரை நம்புவது அரச சேவையின் பழைய வியாதி.

ரொறன்ரோவிலிருந்து மூன்று நினைவூட்டல்கள், இரண்டு பதிவுத் தபால்கள் அனுப்பினேன். "இஞ்சாருங்கோ, அவங்கள் அனுப்பமாட்டாங்கள். வேலைக்கு வெளிக்கிடுங்கோ" என்பாள் மனைவி. பேராசிரியர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். நான் பெட்டி அடுக்கியே ஓய்வு பெற்றேன்.

கடைசியில் பதில் வந்தது. கோப்பு இலக்கம், மூன்று கையொப்பங்கள். குழாய்கள் நன்றாகப் பேணப்படுகின்றனவாம். ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு, நஞ்சைத் தவிர்த்து இறைச்சிச் சாற்றில் வளர்த்தாராம். ஆகையால் அவை இப்போது மற்றவற்றைப் போலவே, கிடைப்பதைத் தின்று தம் உற்பத்தியை நிறுத்திவிடுகின்றனவாம். இன்னும் தேவையா என அறியத்தரவும். இரக்கத்துக்கு எதிராக முறையிட எந்தத் திணைக்களத்திலும் படிவம் இல்லை.

அந்தக் கடிதம் வந்தது, மற்றவர்களைப் போலவே கையை உயர்த்திக் கனேடியப் பிரசையாகச் சத்தியம் செய்துவிட்டு நான் வீடு திரும்பிய வெள்ளிக்கிழமை.