தொண்ணூற்றைந்து ஆக்டேன்

பழைய தங்கச் சுரங்கப் பகுதியான கோரமண்டல் பக்கம் இருக்கும் பெட்ரோல் பங்கில் லவினா வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் தினமும் ரயிலேறி பெங்களூர் போய் கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவள். தனக்கே விளங்காத ஒன்றை அடுத்தவருக்கு விற்க அவளால் முடியாது. பம்பில் ஒட்டியிருந்த 91, 95 என்ற எண்களுக்கு அர்த்தம் கேட்டபோது, "95 ஒசத்தி, அவ்ளோதான்" என்றார் மேனேஜர் விநாயக். அது போதாமல், சர்ச்சில் பழக்கமான கெமிஸ்ட்ரி டீச்சர் கரோலினைப் பிடித்து, விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

போன மாதம் ஒரு காலையில், பேங்கில் வேலை பார்க்கும் திலீப் பைக்கை நிறுத்திக் கத்தினான். "இன்னாக்கா கலக்கறீங்க பெட்ரோல்ல? 95 ஆக்டேன் போட்டும் மேடு ஏறினா இன்ஜின் டக்கு டக்குன்னு அடிக்குது!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லவினா பதறவில்லை. கலப்படம் இருந்தால் கறை காட்டும் வடிதாளில் இரண்டு சொட்டு பெட்ரோல் விட்டாள். கறையே இல்லாமல் காய்ந்தது.

"கலப்படம் இல்ல, நீங்களே பாத்துக்கோங்க. ஆக்டேன்னா சுத்தமும் இல்ல, வேகமும் இல்ல தம்பி. ஆக்டோன்னா எட்டு. எட்டு கார்பன் சேந்த பொருளுக்கு அந்தப் பேரு. அதுல ஒரு வகை, இன்ஜினுக்குள்ள எவ்ளோ அமுக்கினாலும் லேசுல தானா வெடிக்காது. அதுக்கு நூறு மார்க் குடுத்து, மத்ததை அதோட ஒப்பிட்டாங்க. நம்பர் ஏற ஏற அமுக்கத்தைத் தாங்கும். உங்க வண்டி புக்ல இன்னா போட்டிருக்கு?"

வண்டியிலிருந்த புக்கை எடுத்துப் பார்த்தான். 91.

"அப்போ சத்தம்?"

"சாவியக் குடுங்க, பின்னாடி உக்காருங்க."

பக்கத்திலிருந்த பாலகாட் மேட்டில் டாப் கியரிலேயே மெதுவாக ஏற்றினாள். டக்கு டக்கு. இரண்டாம் கியருக்கு இறக்கினாள். சத்தம் நின்றது. திலீப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாப் கியர்லயே ஏத்தி நான்தான் வண்டியத் திணறடிச்சிருக்கேன்க்கா!"

திரும்பி வந்து 91 போட்டுக்கொண்டு போனான். விநாயக் முகம் சுருங்கியது. "வெல ஜாஸ்தியான 95ஐ நாமளே வேணான்னா எப்பிடி லவினா?"

"தேவைப்படற வண்டிக்கு நானே 95 போடச் சொல்வேன் சார். தேவையில்லாத வண்டிக்குச் சொல்ல மாட்டேன்."

மறுவாரம் திலீப் தன் பேங்க் ஆட்கள் நாலு பேரை அழைத்து வந்து அவள் பம்பில் நிறுத்தினான். இப்போது பங்கில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை பழக்குவது லவினாதான். அந்தப் பொறுப்பைக் கொடுத்தவர் விநாயக்.