பத்துச் சொட்டும் மூன்று செம்புத் தண்ணீரும்

மருந்து கலக்குவது கம்பவுண்டர் வேலையில் சுலபமான பாதி. அது வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மற்றப் பாதி. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில், மதுரை வடக்கு மாசி வீதியில் ஒரு டாக்டரிடம் நான் வேலை பார்த்தேன். இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் நிறைய வருவார்கள். டாக்டர் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: உப்பை விடு, தண்ணீரை அளந்து குடி, மருந்தை எண்ணிக் குடி. தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரமே வீங்கின காலோடு வந்து நிற்பார்கள். ஏன் என்று பார்த்துவர டாக்டர் என்னை அனுப்புவார். வீட்டில் உப்பு ஜாடியை ஒளித்துவைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

மடப்பள்ளி ஐயங்கார்

பெருமாள் கோயில் மடப்பள்ளியில் முப்பது வருஷம் புளியோதரை கிளறியவர். உப்பை அறவே விட்டுவிட்டதாகச் சத்தியம் பண்ணினார். அவர் மனைவி வைத்த ரசத்தை நானே வாங்கிக் குடித்துப் பார்த்தேன். ஒரு கல் உப்புகூட இல்லை. ஆனால் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. எனக்குப் பிடிபடவில்லை. காலையிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. தினமும் கோயிலில் இரண்டு கை பிரசாதம். அது சாப்பாட்டில் சேர்த்தியில்லை என்பது அவர் எண்ணம். வேண்டாம் என்றால் அபசாரம்.

கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பருக்கையை மட்டும் நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து, கோயிலுக்கு நடந்தே போய்வந்தார். முப்பது வருஷ நாக்கை எப்படி அடக்கினார் என்று அறிய ஆசையாக இருந்தது. கேட்டேன். "கும்பகோணத்துப் பக்கம் உப்பே சேர்த்துக்காத பெருமாள் ஒருத்தர் இருக்கார். அவர் இத்தனை காலமா நின்னுண்டே இருக்காரே, நான் நடக்கவாவது மாட்டேனான்னு பார்த்தேன்" என்றார்.

மஞ்சள் வீடு

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மனைவிக்குக் காலையும் மாலையும் பத்துப் பத்துச் சொட்டு மருந்து. நன்றாகத் தேறிவந்தவர், திடீரென்று சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருக்க வேண்டிய மருந்து புட்டியின் அடியில் கிடந்தது. நாடி விட்டு விட்டு அடித்தது. பத்துச் சொட்டுக்கே இவ்வளவு குணம் என்றால் இருபதுக்குச் சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று, கணவருக்குக்கூடச் சொல்லாமல் அவராகவே இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்றேன். சுண்ணாம்புச் சுவர், வாத்தியார் வேட்டி எல்லாமே நாலு நாளாக மஞ்சளாகத் தெரிகிறது என்றார் சாதாரணமாக. அந்த மருந்து மிஞ்சினால் அப்படித்தான் தெரியும். இன்னும் மிஞ்சினால் இருதயம் நின்றுவிடும். புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரை அழைத்துவர ஓடினேன். மருந்தை நிறுத்தி, படுக்கையைவிட்டு எழவிடாமல் பார்த்துக்கொண்டதில் பிழைத்தார். பத்து நாள் கழித்துப் போனபோது என்னிடம், "சுவரு வெள்ளையாயிருச்சு தம்பி. ஆனா ஒண்ணு, மஞ்சளா இருந்தப்ப வீடு மங்களகரமாத்தான் இருந்துச்சு" என்றார்.

பரவைத் தராசு

உடம்பில் நீர் கோத்தால் கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும் என்பார் டாக்டர். அது நிஜமா என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். பரவைச் சந்தையில் வெங்காய வியாபாரம் செய்துகொண்டு, எங்களிடம் இருதயத்துக்கு மருந்து வாங்கிவந்த சோலையப்பன் அதற்கு வாகாக அமைந்தார். மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் தினமும் காலையில் ஏறி உட்காரச் சொன்னேன். சந்தையில் எடை போடுகிற பிச்சை என்பவர், அன்றன்றைய எடையைத் தூணில் சுண்ணாம்பால் எழுதிவைப்பார். சந்தையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

ஒருநாள் பிச்சை அவரைக் காய்கறி வண்டியில் ஏற்றி, தானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டே நாளில் நாலு ராத்தல், அதாவது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, கூடியிருக்கிறதாம். காலில் வீக்கம் இல்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று சோலையப்பன் வண்டி நெடுகச் சண்டை போட்டிருக்கிறார். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். நுரையீரலின் அடியில் நீர் கட்ட ஆரம்பித்திருந்தது. உடனே ஊசி போட்டார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். எப்படி இவ்வளவு நிச்சயமாக அழைத்து வந்தீர்கள் என்று பிச்சையைக் கேட்டேன். "சரக்கு திடீர்னு எடை கூடுனா தண்ணி தெளிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்ணே? ஆளுக்கு மட்டும் வேற அர்த்தமா?" என்றார்.

பேரையூரில் ஒரு தாகம்

பேரையூரில் விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று செம்புத் தண்ணீர்தான் என்று டாக்டர் கட்டளை. சித்திரை வெயிலில் அந்தக் கரிசல்காட்டில் யாரால் முடியும் என்று சந்தேகத்தோடுதான் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் மனிதர் தெளிவாக இருந்தார், கால் மெலிந்திருந்தது. எனக்கு மோர் கொண்டுவந்த அவர் மனைவிதான் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தார். உதடு வெடித்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து விசாரித்தேன். புருஷன் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் குடிக்க மனம் வராமல், காட்டுவேலையும் செய்துகொண்டு, அந்த அம்மாளும் மூன்று செம்போடு நிறுத்தியிருக்கிறார். இருபது நாளாக.

புருஷனுக்கு அதுவரை இது தெரியாது. எழுந்து போய், பானையிலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டுவந்து மனைவி கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ குடிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குத் தாகம் அடங்கும். அம்புட்டையும் குடி" என்றார் அவர்.

டாக்டர் சீட்டில் ஒருவர் பெயரைத்தான் எழுதுவார். பத்தியம் இருப்பது என்னவோ வீடே சேர்ந்துதான்.