இரண்டு கயாக்கும் ஒரு தையல்காரனும்

போன ஞாயிறு காலை குருசுக்குப்பம் கடற்கரையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணியால் செய்த ஓடத்துக்குள் ஒருவன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆமாம்... அது நானேதான்.

எங்கள் தெருவில் அந்துவான் என்று ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். ஊரை விட்டுக் கப்பலேறிய துரை ஒருவர், தம்முடைய இரண்டு கயாக்குகளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கயாக் என்றால் பெரிய விஷயமில்லை. மரச்சட்டம், அதன்மேல் கித்தான் துணி, நடுவில் ஓர் ஆள் காலை நீட்டி உட்கார ஒரு பொந்து — அவ்வளவுதான். துணி மக்கிப்போனதால், புதிதாகத் தைக்க என் கடைக்குக் கொண்டுவந்தார்.

ஒன்று குட்டை, அகலம். மற்றது நீளம், ஒல்லி. எனக்கென்ன? தொப்பைக்கார முதலாளிக்கு ஒரு சட்டை, ஒல்லி வாத்தியாருக்கு ஒரு சட்டை! இரட்டை மடிப்புத் தையல், மெழுகு நூல், மேலே நாலு பூச்சு பெயின்ட். முடித்துக் கரைக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் வந்தது வினை.

ஆறுமுகம் அங்கே நின்றிருந்தார். கப்பலுக்கும் கரைக்கும் மூட்டை சுமக்கும் சலங்குப் படகு ஒன்றுக்கு அவர் தண்டல், அதாவது தலைவர். சரக்கை மூடும் தார்ப்பாய்களை அவரும் அவர் கூட்டாளிகளும் என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். என் கடையின் பாதிப் பிழைப்பு அது.

அவர் தையலை விரலால் நெருடிப் பார்த்தார்.

"ஊசி போன எடமெல்லாம் ஓட்டைதானே டெய்லரே? கடல் சும்மா உடுமா?"

"ஒரு சொட்டு உள்ள வராதுங்க" என்றேன். நாலு பேர் நடுவில் நான் வாய் திறப்பதே அபூர்வம். திறந்தால் இப்படித்தான்.

"அப்ப நீங்களே ஏறுங்க. சலங்குப் பலகைய நாங்க கயித்தால தைக்கிறோமில்ல? தச்சவன்தான் மொத நடைக்கு ஏறணும். அதான் எங்க வழக்கம்."

"எனக்கு நீச்சல் தெரியாதே!"

"தையல் தெரியுமில்ல, போதும்!" — பின்னால் யாரோ சொல்ல, கரையே சிரித்தது.

மறுத்தால் என்ன ஆகும்? தன் தையலைத் தானே நம்பாதவனுக்கு யார் தார்ப்பாய் கொடுப்பார்கள்?

ஏறினேன். முதலில் அகலமானது. ஓடத்தின் வாலில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டுமரத்தில் தண்டல் பக்கத்திலேயே வந்தார். கட்டுமரத்தில் உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. வந்த தண்ணீர் தானே போய்விடும். நிம்மதியான படைப்பு!

என் ஓடமும் விசுப்பலகை மாதிரிதான் இருந்தது. ஆட்டமே இல்லை. இரண்டு முனையிலும் இலை மாதிரிப் பலகை வைத்த துடுப்பை, சொல்தா காட்டிக்கொடுத்தபடி போட்டேன். ஒரு போட்டுக்கு மூக்கு இடதுபக்கம் திரும்பும், மறு போட்டுக்கு வலதுபக்கம். சந்தைக்குப் போகும் மாடு மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டே போயிற்று. இவ்வளவுதானா கடல்?

அப்போது பக்கவாட்டில் ஓர் அலை எழுந்தது. பெரிய அலைகூட இல்லை. அலை எப்படிச் சாய்ந்ததோ, ஓடமும் அப்படியே அதோடு ஒட்டிக்கொண்டு சாய்ந்தது. பொந்து வழியே தண்ணீர் கொட்டியது. தண்டல் எட்டி விளிம்பைப் பிடித்திராவிட்டால், இந்த வாரம் இந்தப் பத்தியை எழுத நான் இல்லை.

கரைக்கு இழுத்து வந்தபோது உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்.

"சொட்டு வராதுன்னாரு... கொடம் கொடமா வந்திருக்கே!" — கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"மேல வழியா வந்ததுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே சந்தேகம். மேலே வந்ததா? தையல் வழியே வந்ததா?

தண்டல் கையை உயர்த்தினார். "தண்ணியக் கொட்டாதீங்கடா. அப்படியே தூக்குங்க."

நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள். அவர் அடிப்பக்கத்தைத் துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். ஒரு பீடி பிடிக்கும் நேரம் இருக்கும்... ஒரு சொட்டு விழவில்லை.

"தையல்ல குத்தமில்லப்பா. இது ஓடத்தோட கொணம்" என்றார். "போதும் டெய்லரே, வீட்டுக்குப் போங்க."

போயிருக்கலாம். ஆனால் ஒல்லி ஓடத்தில் இருப்பதும் என் தையல்தானே? அதற்கு யார் சாட்சி?

"அதையும் பாத்துடலாங்க" என்றேன்.

அது இருக்கிறதே... மூச்சு விட்டால் ஆடியது. தும்மினால் தலைகீழ்தான் என்று நினைத்தேன். துடுப்பைப் போட்டதும், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. மறுபடி பக்கவாட்டில் அலை. கண்ணை மூடிக்கொண்டேன். அடியில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. இடுப்புக்குக் கீழே ஓடம் ஓர் ஆட்டம் ஆடியது. இடுப்புக்கு மேலே நான் நிமிர்ந்தபடியே இருந்தேன். கண்ணைத் திறந்தால், அலை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது!

கரையில் தண்டல் உள்ளே கைவிட்டுத் தடவினார். உள்ளங்கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஈரமில்லை.

"நாளைக்கே தார்ப்பாய் அனுப்புறேன்" என்றார்.

சொல்தாவுக்கு வேறு கவலை. "ரெண்டுல எத வச்சிக்கலாம் டெய்லரே?"

ஒல்லியைக் காட்டினேன்.

"அது அந்த ஆட்டம் ஆடுதேய்யா!"

"ஆடுதுங்க முசியே. ஆனா கவுறல."

ஓடத்தில் மட்டுமா இப்படி? கை நடுங்குகிறவனைப் பார்த்தால் சந்தேகப்படுகிறோம். அசையாமல் உட்கார்ந்திருப்பவனை உடனே நம்பிவிடுகிறோம்.

அலை வராத நாளில் எல்லா ஓடமும் நல்ல ஓடம்தான்!