பெரில் கொடுத்த டீ

வாசலில் வந்து நிற்கும் வேலைக்காரனுக்கு டீ கொடுக்காமல் இருக்க பெரில் ஹாக்ஸ்வர்த்துக்குத் தெரியாது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கத்துப் பெண்கள் யாருக்குமே தெரியாது. எதிர்ப்பக்கம் ஒரு வேனில் டெரிக் என்பவன் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தான். டெலிபோன் கம்பி ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டாள். குளிரில் பாவமாக இருக்கிறானே என்று, குருவிப் படம் போட்ட அம்மாவின் கோப்பையில் டீயும் கூடவே பிஸ்கட்டும் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவன் நகரசபை அனுப்பிய ஆள். நகரசபை கொடுத்த வாடகை வீட்டில் பெரில் குடியிருப்பதே இல்லை என்று யாரோ புண்ணியவான் கோள் மூட்டியிருந்தான். குடியிருக்காதவர்களிடமிருந்து நகரசபை வீட்டைப் பிடுங்கிக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் அவள் அம்மா சாகக் கிடந்தாள். இரவில் அங்கே காவல் இருந்துவிட்டுப் பகலில் பெரில் வீடு திரும்புவாள். வேனுக்குள் ஒளித்து வைத்த கேமரா அந்தப் போக்குவரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

டீயை உறிஞ்சிக்கொண்டே டெரிக் ஒருநாள் அக்கறையாகக் கேட்டான்.

"முகமே வாடிப் போச்சே கண்ணு, தூக்கமே இல்லையா?"

"இங்க எங்கப்பா தூங்குறேன்? மாசக்கணக்கா அம்மா வீட்டுலதான் படுக்கை."

அந்த ஒரு பேச்சில் வீடு போயிற்று. அம்மாவை அடக்கம் செய்த கையோடு காலி செய்யச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. பெரில் தங்கை வீட்டு சோபாவுக்குப் போனாள்.

அனுமதி வாங்காமல் வேவு பார்த்தது சட்டவிரோதம், அதை நிரூபித்தால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்று வக்கீல் பெண் இமோஜன் சொன்னாள். பெரில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இப்படிப்பட்ட வேவு வழக்குகளை விசாரிக்கும் லண்டன் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்.

அங்கே மேஜைமேல் பிளாஸ்டிக் பைக்குள், டெரிக் கடைசியாகத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்ட அம்மாவின் கோப்பை இருந்தது. டீக் கறைகூடக் கழுவப்படவில்லை. இவளாகத்தான் வந்து பேசினாள் என்பதற்கு நகரசபை காட்டிய சாட்சி அது. படுபாவிகள்.

படம் பிடித்தது சட்டவிரோதம்தான் என்றார் தீர்ப்பாயத் தலைவர். பெரில் இமோஜனின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் டீயோடு போய்ச் சொன்னதை யாரும் ஒளிந்திருந்து திருடவில்லை, அது செல்லும் என்றார். நயமாகப் பேசி வாயைப் பிடுங்கினான் என்று இமோஜன் மன்றாடியது எடுபடவில்லை. வழக்கில் ஜெயம். வீடு இல்லை.

வெளியே டெரிக்கே கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"மனசுல வச்சுக்காதீங்க கண்ணு. டீ நல்லாத்தான் இருந்துச்சு. சர்க்கரைதான் எப்பவும் கம்மி."

பிறந்ததிலிருந்து பழகிய வாய். அவள் தடுப்பதற்குள் முந்திக்கொண்டது.

"மன்னிச்சுக்கோப்பா."

நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. அன்று அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.