அமெரிக்க ஓட்டுக்கு நான் தடவிய மஞ்சள்

அமெரிக்காவில் ஒரு தேர்தல் அலுவலகத்தை அரைநாள் மூட வைத்தவள் நான். இத்தனைக்கும் நாமக்கல்லைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. எங்கள் மலையூரான சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் சாப்பாட்டுக் கடை, மாடியில் வாடகைக்கு விடும் ஓர் அறை. அந்த அறைக்கு வந்தவளின் ஓட்டில்தான் கை வைத்தேன். நல்ல எண்ணத்தோடு வைத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

அவள் கறுப்பினப் பெண். அமெரிக்காவின் தெற்கே ஒரு சிறிய ஊர்க்காரி. எங்கள் சாமையையும் தினையையும் ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். மதுரையில் ஒரு வருஷம் தமிழ் படித்தவள், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவாள். “காலை வணக்கம், இட்லி கிடைக்குமா?” என்று அவள் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சாயங்காலங்களில் என்னோடு உட்கார்ந்து மிளகு உதிர்ப்பாள். அப்போது சொன்னதுதான் அவள் அம்மாவின் கதை. அந்த அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப்பேர் கறுப்பர்கள். மழை பெய்தால் அவர்கள் தெருவில் மட்டும் சாக்கடை வாசலுக்கு வந்துவிடும். ஊர் மன்றத்தில் அதைக் கேட்க ஆளில்லை. பக்கத்திலிருந்த ஓட்டுச்சாவடியை மூடி, பஸ்ஸே போகாத இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த அம்மா சர்ச் வேனை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்குவார். வரிசை நீளமாக இருக்கும் என்று மடக்கு நாற்காலிகளும் ஏற்றிப்போவார். போன தேர்தலில் மன்றத்துக்கு நின்று, ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஓட்டில் தோற்றுப்போனார். இந்த முறை மறுபடியும் நிற்கிறார்.

எங்கள் தொகுதி மலைவாழ் மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று நான் சொன்னதும் அவளுக்கு வியப்பு தாங்கவில்லை, கையிலிருந்த மிளகைக் கீழே கொட்டிவிட்டாள். ரொம்பவும் வியக்காதே, ஒதுக்கின பிறகும் ரோடு கேட்டு மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன்.

அவளுடைய ஓட்டுச்சீட்டு கம்ப்யூட்டரில் வந்தது, அச்செடுத்து உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அவள் உறைமேல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் விடுவேனா? யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

“வாக்கு ரகசியமானது” என்றாள், செய்தி வாசிக்கும் குரலில். உறையை அதற்குள் ஒட்டியிருந்தாள்.

அம்மாவுக்குத்தானே போட்டிருப்பாய், இதில் என்ன ரகசியம் என்று மடக்கிப் பார்த்தேன். சிரித்தாளே ஒழிய வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அந்த ஜாதிதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத்துக்கு வெளியே என் வீட்டுக்காரர் காத்திருந்து, சொன்ன சின்னத்துக்குத்தானே என்று கேட்பார். உங்க பேச்ச மீறுவேனுங்களா என்பேன். முப்பது வருஷமாக இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறோம்.

மறுநாள் அவளுக்கு மலையிலேயே வளப்பூர் நாட்டு ஊர்களில் வேலை. நான் நாமக்கல் போவதால் உறையைக் கூரியரில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். வாங்கி வைத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று மொட்டையாக இருந்தது. காதுகுத்துப் பத்திரிகைக்கே நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்பவர்கள் நாங்கள். ஒரு தாயின் ஜெயத்துக்குப் போகிற காகிதத்தை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் வைத்தேன். கடல் தாண்டிப் போகிறதே என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். கூரியர்காரர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பையில் போட்டு ஒட்டினார். மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து, போனைக் கையில் பிடித்தபடி அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். உறையிலிருந்து இனம் தெரியாத மஞ்சள் தூள் கொட்டியதாம். விஷமோ என்று எல்லோரையும் வெளியேற்றி அலுவலகத்தை மூடிவிட்டார்களாம். ஓட்டைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி வந்து விளக்கம் சொன்னால்தான் எண்ணுவார்கள்.

“எங்கள் ஓட்டைத் தள்ள எப்போதும் ஒரு காரணம் தேடுவார்கள்” என்றாள். “இந்த முறை தேடவே தேவையில்லை, நாமே கொடுத்துவிட்டோம்.”

நீங்கள் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாமே என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் தோசை கருகியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆபீஸ்காரங்கள வீடியோல கூப்புடு கண்ணு, நான் பேசறேன்” என்றேன்.

எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது சந்தையில் பலாப்பழம் குவிக்கும் இடத்தில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றேன். மொழிபெயர்க்க அவள் பக்கத்தில் நின்றாள். அமெரிக்காவில் அது காலை நேரம். கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் திரையில் வந்தார். நான் மஞ்சள் டப்பாவைத் திறந்து காட்டினேன். கொஞ்சம் எடுத்துக் கன்னத்தில் பூசினேன். மீதியைப் பாலில் கலக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சாகாமல் நின்றேன். மிளகு விற்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் முகத்தில் இருப்பதும் அதேதான் என்று போனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று தெரியுமா என்றார்.

“கேட்டேனுங்க, சொல்ல மாட்டேன்னுட்டா.”

இதைச் சொல்லலாமா என்று அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு அப்படியே மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். மறுநாள், ஓட்டு சேர்க்கப்பட்டது என்று தகவல் வந்தது.

அவள் அம்மா ஜெயித்துவிட்டார். இந்த முறையும் வித்தியாசம் ஒரு வேனுக்குள் அடங்குகிற அளவுதான். கடையில் எல்லோருக்கும் கேசரி போட்டேன். அன்று சாயங்காலம் அந்த அம்மாவே சந்தை சிக்னலில் வீடியோவில் வந்தார். எனக்கு நன்றி சொன்னார், மஞ்சளுக்கும் சொன்னார். சாக்கடைதான் முதல் வேலை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். மகள் போனை என்னிடம் திருப்பினாள். கண்ணில் ஒரே குறும்பு. “தன் மகள் தனக்குத்தான் போட்டாளா என்று சாட்சியிடம் கேட்கிறார்” என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. பழகின வாய், தானாக வந்துவிட்டது.

“உங்க பேச்ச மீறுவாளுங்களா?”

பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.